உறைவிடப் பள்ளியில் ஒரு கொலை: இளையோர் மர்ம நாவலைப் புதிதாகப் படிப்போருக்கு ஒரு வழிகாட்டி

உறைவிடப் பள்ளியைக் களமாகக் கொண்ட மர்ம நாவலைக் கையில் எடுப்பவர், கொலையாளியைத் தேடுவதற்கு முன்பாக அந்தப் பள்ளியின் கால அட்டவணையைத் தேட வேண்டும். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், இரவில் எப்போது விளக்கணைக்கிறார்கள், வருகைப் பதிவை எடுப்பவர் யார், வெளிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பன போன்ற செய்திகளை ஆசிரியர் முதல் சில அத்தியாயங்களிலேயே, பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சுக்கு நடுவில், சொல்லி முடித்துவிடுகிறார். நகரத்தில் நடக்கும் குற்றக் கதையில் எவரும் எந்த நேரத்திலும் எங்கும் போய் வரலாம். உறைவிடப் பள்ளியிலோ, ஒவ்வொருவரும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எங்கே இருக்க வேண்டும் என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. கொலை நடந்த இரவில் யாரோ ஒருவர் அந்த ஒழுங்கிலிருந்து விலகியிருக்கிறார். ஒழுங்கு இன்னதென்று அறிந்த வாசகருக்குத்தான் அந்த விலகல் கண்ணில் படும்.

புதிதாக இந்த வகைக்கு வருவோர் பலர், ஏராளமான பெயர்களைக் கண்டு மலைத்துப்போகிறார்கள், அல்லது கொலை நிகழும்வரை பொறுமை இல்லாமல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இன்னும் சிலர் நட்பு, காதல், தேர்வு பற்றிய பக்கங்களை இடைச்செருகல் என்று கருதித் தாவிச் செல்கிறார்கள். இந்த மூன்று தடைகளையும் தாண்டுவதற்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. எதை எப்போது கவனிப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

முதலில், நாவலைத் தேர்ந்தெடுப்பது

பதிப்பகங்கள் இளையோர் நாவல் என்று குறிப்பவை பொதுவாக 12 வயதுக்கு மேற்பட்டோரை, குறிப்பாக 14 முதல் 18 வயது வரை உள்ளோரை, மனத்தில் கொண்டு எழுதப்படுகின்றன. 8 முதல் 12 வயதினருக்கான சிறுவர் மர்மக் கதைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இரண்டிலும் பள்ளி உண்டு, கொலையும் உண்டு. ஆனால் சிறுவர் நூல்களில் மரணம் பெரும்பாலும் சற்றுத் தொலைவிலேயே நிகழ்கிறது. இளையோர் நாவல்களில் அது நாயகியின் தோழிக்கோ அறைத்தோழனுக்கோ நேர்கிறது. பெரியவர்கள் இளையோர் நாவலைப் படிப்பதில் தயங்குவதற்கு ஒன்றும் இல்லை. புதிரின் கடினம் வயதைப் பார்த்து அமைவதில்லை.

அடுத்து, எடுக்கும் புத்தகம் தனித்து நிற்கும் நாவலா, தொடரின் ஒரு பகுதியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பாராமல் வாங்கியவர்கள்தாம் கடைசிப் பக்கத்தில் ஏமாந்துபோகிறார்கள். எடுத்துக்காட்டாக, மொரீன் ஜான்சன் 2018-இல் வெளியிட்ட 'ட்ரூலி டீவியஸ்' என்ற நாவல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மலைப்பகுதியில் அமைந்த ஒரு கற்பனைப் பள்ளியில் நடக்கிறது. 1936-இல் அந்தப் பள்ளி நிறுவனரின் மனைவியும் மகளும் கடத்தப்பட்ட பழைய வழக்கைத் தீர்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையோடு ஸ்டீவி பெல் என்ற மாணவி அங்கே வந்து சேர்கிறாள். அந்த வழக்கின் முழு விடை முதல் புத்தகத்தில் கிடைக்காது. 2019-இலும் 2020-இலும் வந்த அடுத்த இரண்டு நூல்களையும் சேர்த்தே அதை ஒரே கதையாகப் படிக்க வேண்டும். இது தெரிந்து தொடங்குபவருக்கு முதல் நூலின் முடிவு ஓர் இடைவேளை. தெரியாமல் தொடங்குபவருக்கு அது மோசடி.

தொனியையும் பார்த்துக்கொள்வது நல்லது. சில நாவல்கள் புதிரை முன்னிறுத்தும். இரத்தம் குறைவு, நகைச்சுவை அதிகம். வேறு சில, வசதி படைத்தோர் படிக்கும் பள்ளியின் ஏற்றத்தாழ்வு, பகடிவதை, போதைப்பொருள், தற்காயம், ஆசிரியர்களின் அத்துமீறல் ஆகியவற்றை நேராகப் பேசும். பல பதிப்பகங்கள் இன்று நூலின் தொடக்கத்திலேயே உள்ளடக்க எச்சரிக்கை அச்சிடுகின்றன. பதின்ம வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் தேடுகிற பெற்றோர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம். பின்னட்டைக் குறிப்பை மட்டும் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாவலின் நடுவில் நிகழும் இரண்டாவது மரணத்தை அங்கேயே போட்டு உடைத்துவிடும் பின்னட்டைகள் உண்டு.

தொடக்கப் பக்கங்களில் செய்ய வேண்டியவை

நூலின் முன்பகுதியில் வரைபடம் இருந்தால் அதைப் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். விடுதிக் கட்டடங்கள், உணவுக்கூடம், நூலகம், ஏரி, காவலர் அறை ஆகியவற்றுக்கு இடையே நடக்க எவ்வளவு நேரம் ஆகும், எந்தச் சன்னலிலிருந்து எந்தப் பாதை தெரியும் என்று ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும். வரைபடம் இல்லாத நூலுக்கு நீங்களே நான்கு பெட்டிகளையும் நான்கு கோடுகளையும் கிறுக்கி வைத்துக்கொள்ளலாம். அழகாக இருக்க வேண்டிய தேவை இல்லை.

பெயர்களைப் பொறுத்தவரை, அனைத்தையும் மனப்பாடம் செய்ய முயல்வதே சோர்வுக்குக் காரணம். ஒரு தாளில், விடுதிக் கட்டட வாரியாகப் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரே ஒரு செய்தியை மட்டும் குறித்தால் போதும்: கட்டணச் சலுகையில் சேர்ந்தவர், பள்ளி அறங்காவலரின் மகன், முந்தைய பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர், இரவில் தூக்கத்தில் நடப்பவர் என்பது போல. பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்கு மேல் இந்தத் தாள் வளராது. அதற்கு மேல் வருவோர் பெரும்பாலும் கூட்டத்தை நிரப்ப வந்தவர்களே.

கொலை வரும் முன்னுள்ள பக்கங்களில் பொறுமை வேண்டும். இந்த நாவல்களின் நாயகர் பெரும்பாலும் பள்ளிக்குப் புதியவராக இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. புதியவருக்கு எல்லாவற்றையும் யாராவது விளக்க வேண்டும். அந்த விளக்கத்தின் வழியாக வாசகரும் விதிகளை அறிந்துகொள்கிறார். 'பத்து மணிக்கு மேல் பின்கதவைத் திறந்தால் மணி அடிக்கும்' என்று மூத்த மாணவி ஒருத்தி சொல்லும் இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கப்பட்ட ஒவ்வொரு விதியும் பின்னால் யாரோ ஒருவரால் மீறப்படுவதற்காகவோ, யாரோ ஒருவரைக் காப்பாற்றுவதற்காகவோ அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

பதவிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மாணவத் தலைவர்கள் விளக்கணைத்த பிறகும் தாழ்வாரத்தில் நடமாடலாம், எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விடுதியையும் மாணவர் நலனையும் கவனிக்கும் மேட்ரனிடம் மருந்து அலமாரியின் சாவி இருக்கும், எந்த மாணவர் எந்த மாத்திரை எடுக்கிறார் என்ற பட்டியலும் இருக்கும். விளையாட்டு ஆசிரியரிடம் படகுக் குடிலின் சாவி. சமையலறை ஊழியர், தோட்டக்காரர், காவலர் ஆகியோர் பள்ளியின் எல்லா அறைகளுக்குள்ளும் போய் வருவார்கள்; ஆனால் கதையைச் சொல்லும் மாணவரின் கண்ணுக்கு அவர்கள் அநேகமாகத் தெரிவதே இல்லை. அந்தக் கண்மறைப்பு ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததா, அவருக்கே அந்த வேலையாட்கள் கண்ணில் படவில்லையா என்பது நாவலின் தரத்தைக் காட்டும் நல்ல அளவுகோல்.

கொலை நடந்த இரவு

இங்கேதான் நிதானம் மிகவும் பயன்படும். கற்பனையாக ஓர் எளிய நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் இரவு 8 மணி முதல் 9.30 வரை ஆசிரியர் மேற்பார்வையில் படிப்பு நேரம்; 9.45-க்கு ஒவ்வொரு விடுதியிலும் மாணவத் தலைவி வருகைப் பதிவு எடுக்கிறாள். 10 மணிக்கு விளக்கணைத்து வெளிக்கதவைப் பூட்டுகிறார்கள். மறுநாள் காலை ஏரிக்கரைப் படகுக் குடிலில் ஒரு மாணவியின் உடல் கிடக்கிறது. இரவு 9 முதல் 11 மணிக்குள் இறந்திருக்கலாம் என்கிறார் மருத்துவர். வருகைப் பதிவின்படி 9.45-க்கு இறந்தவளும் உட்பட அனைவரும் விடுதியில் இருந்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் கதவு பூட்டு. எனவே சாவி வைத்திருக்கும் மேட்ரனோ தலைமையாசிரியரோதான் குற்றவாளி என்ற எண்ணத்துக்கு வாசகர் வந்து சேர்கிறார்.

வந்து சேர வேண்டும் என்றுதான் ஆசிரியரும் விரும்புகிறார். இப்போது இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் பாருங்கள். மாணவத் தலைவி படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு பெயர்களைக் கூப்பிடுகிறாள்; மாணவிகள் அவரவர் அறையிலிருந்து குரல் கொடுக்கிறார்கள்; குளியலறையில் இருக்கும் தோழிக்காக ஒருத்தி குரலை மாற்றி 'உள்ளேன்' என்று சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று அது பள்ளி வாழ்க்கையின் ஒரு குறும்பாக மட்டுமே தோன்றியது. கொலைக்குப் பிறகு அதன் பொருள் வேறாகிவிடுகிறது. வருகைப் பதிவு ஒரு குரல் கேட்டது என்பதற்கு மட்டுமே சான்று. அந்த ஆள் அங்கே இருந்தார் என்பதற்குச் சான்று ஆகாது. 9.30 மணிக்குப் படிப்பு முடிந்ததுமே எவரும் ஏரிக்குப் போயிருக்கலாம், இறந்த பெண்ணும் அப்போதே போயிருக்கலாம். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, அவளுக்காக அன்று குரல் கொடுத்தது யார், அவர் இன்னும் ஏன் அதைச் சொல்லவில்லை என்பதே.

இதை எளிதாகச் செய்ய ஒரு தாள் போதும். இடப்பக்கம் நேரத்தையும், அதை அடுத்து ஒவ்வொருவரும் தாம் இருந்ததாகச் சொல்லும் இடத்தையும், மூன்றாவதாக அதை உறுதிசெய்பவர் பெயரையும் எழுதுங்கள். நான்காவதாக, உறுதிசெய்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு சொல்லில் குறியுங்கள்: பார்த்தாரா, கேட்டாரா, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாரா. வெளிச்சம் தெரிந்ததால் அறையில் ஆள் இருந்தது என்பவரும், இசைக்கூடத்தில் வயலின் கேட்டதால் இன்னார் பயிற்சி செய்தார் என்பவரும் பொய் சொல்லவில்லை. தாம் பார்க்காததைப் பார்த்ததாக நம்புகிறார்கள். தாளின் இந்த நான்காவது நெடுவரிசை நிரம்ப நிரம்ப, கதையின் பாதிப் புதிர் தானாகவே விலகிவிடும்.

இறந்த நேரத்தைப் பற்றி மருத்துவர் சொல்வதையும் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலின் வெப்பம் குறைவதைக் கொண்டு செய்யும் கணிப்பு எப்போதுமே ஒரு கால இடைவெளியைத்தான் தரும். குளிர், ஈரம், உடுத்தியிருந்த ஆடை ஆகியவை அதை முன்னும் பின்னும் நகர்த்தும். உடல் பனியில் கிடந்தது, அறையின் கணப்பு இரவு முழுவதும் எரிந்தது என்பன போன்ற வரிகள் வந்தால், நேரத்தைத் திருத்திக்கொள்ளும்படி ஆசிரியர் சாடை காட்டுகிறார் என்று கொள்ளலாம்.

தற்கால நாவல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு மாணவர் கையிலும் கைப்பேசி இருந்தால் மர்மம் நிலைக்காது. ஆகவே மலைப்பகுதியில் சிக்னல் இருக்காது, அல்லது பள்ளியே இரவில் கைப்பேசிகளை வாங்கிப் பூட்டி வைக்கும், அல்லது பனிப்புயல் மின்சாரத்தையும் பாதையையும் துண்டித்துவிடும். விடுமுறையில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விட, ஏழெட்டுப் பேர் மட்டும் தங்கியிருக்கும் காலத்தில் கதையை நடத்துவதும் இதே நோக்கத்துக்காகத்தான். சந்தேகப் பட்டியல் தானாகச் சுருங்குகிறது, காவல்துறை வந்து சேர இரண்டு நாள் ஆகிறது. தனிமைப்படுத்தும் இந்த ஏற்பாடு கதையின் இயல்பிலிருந்து எழுந்தால் நாவல் நன்றாகப் போகிறது என்று பொருள். நாயகியின் கைப்பேசி மட்டும் மிகச் சரியாக ஆபத்தான நேரத்தில் சார்ஜ் தீர்ந்துபோனால் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும்.

சிறிய ரகசியங்களைக் கழித்தல்

உறைவிடப் பள்ளியில் எல்லோரும் எதையோ ஒளிக்கிறார்கள். ஒருவன் தேர்வில் பார்த்து எழுதுகிறான். ஒருத்தியின் குடும்பத்தால் இந்தப் பருவத்துக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை. இருவர் யாருக்கும் தெரியாமல் காதலிக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் போட்டிப் பள்ளிக்கு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கொலைக்குப் பின் இவர்கள் அனைவருமே பதற்றமாக நடந்துகொள்வதால், எல்லோரும் குற்றவாளிகளைப் போலவே தெரிகிறார்கள். புதிய வாசகர் ஒவ்வொரு பதற்றத்தையும் கொலையோடு முடிச்சுப் போட்டுக் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொருவரின் நடத்தையையும் எடுத்துக்கொண்டு, அவருடைய சிறிய ரகசியம் அந்த நடத்தையை முழுவதும் விளக்குகிறதா என்று பாருங்கள். நள்ளிரவில் தோட்டத்தில் காணப்பட்டதும், கையில் மண் ஒட்டியிருந்ததும், விசாரணையில் பொய் சொன்னதும், எல்லாமே ஒரு ரகசியக் காதல் சந்திப்பால் விளங்கிவிட்டால் அந்த ஆளைப் பட்டியலிலிருந்து கழித்துவிடலாம். விளக்கத்துக்குப் பிறகும் ஒரு சிறு துண்டு மிஞ்சினால் அவரைக் கழிக்காதீர்கள். காதல் சந்திப்புக்குப் போனவன் கையுறை ஏன் அணிந்திருந்தான்? இப்படி மிஞ்சும் துண்டைத்தான் திறமையான ஆசிரியர்கள் கொலையாளியின் மீது விட்டு வைக்கிறார்கள். அவனுக்கும் ஒரு சிறிய ரகசியத்தைக் கொடுத்து, அது வெளிப்பட்டதும் வாசகர் அவனை மறந்துபோகும்படி செய்வது இந்த வகையின் மிகப் பழைய தந்திரம்.

பள்ளி நிர்வாகத்தின் நடத்தையையும் இதே முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் கடிதத்தை எரிப்பதும், பத்திரிகையாளரைத் துரத்துவதும், விபத்து என்று அறிவிப்பதும் பெரும்பாலும் பள்ளியின் பெயரைக் காப்பதற்காகவே இருக்கும். மறைக்கும் நோக்கமும் கொல்லும் நோக்கமும் வேறு வேறு. ஆனால் நிர்வாகம் மறைத்ததால்தான் கொலையாளி இரண்டாவது முறை துணிந்தான் என்று காட்டும் நாவல்கள், வெறும் புதிரைத் தாண்டி அதிகாரத்தைப் பற்றியும் பேசத் தொடங்குகின்றன. அவற்றையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

துப்பறிபவர் ஒரு மாணவர் என்பதை மறவாதிருத்தல்

பதினாறு வயதுப் பெண்ணுக்கு உடற்கூறாய்வு அறிக்கை கிடைக்காது. எவரையும் அழைத்து உட்கார வைத்துக் கேள்வி கேட்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. அவளுக்கு வரும் தகவல் முழுவதும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது, தோழி சொன்னது, அலுவலகக் கோப்பில் அவசரமாகப் பார்த்தது ஆகியவையே. ஆகவே அவள் அறிந்த ஒவ்வொன்றும் எந்த வாயில் வழியாக வந்தது என்பதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். காவல் அதிகாரி சொன்னதாக நண்பன் சொன்ன செய்தி நண்பனின் செய்திதான்.

கதை நாயகரின் வாய்மொழியாகவே சொல்லப்பட்டால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். புதிய பள்ளியில் முதலில் அன்பாகப் பேசியவளை நாயகி சந்தேகிக்க விரும்ப மாட்டாள். தன்னை அவமதித்தவனை விடாமல் சந்தேகிப்பாள். அவளுடைய விருப்பு வெறுப்பை வாசகரும் அறியாமல் ஏற்றுக்கொள்கிறார். நட்பு, காதல், பொறாமை பற்றிய பக்கங்களைத் தாவக் கூடாது என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. வாசகரின் எச்சரிக்கை தளரும் இடம் அது என்பது ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். முத்தக் காட்சியின் நடுவே மேசை மேல் கிடக்கும் பேருந்துச் சீட்டை யார் கவனிக்கப்போகிறார்கள்?

இந்தப் பக்கங்களுக்கு வேறொரு பயனும் உண்டு. இறந்தவர் புதிரின் ஒரு காயாக மட்டும் இருந்தால் நாவல் விரைவில் உலர்ந்துவிடும். அவருடைய காலி நாற்காலி வகுப்பில் எப்படி இருந்தது, அறைத்தோழி அன்றிரவு எங்கே தூங்கினாள், பெற்றோர் பெட்டியை எடுத்துச் செல்ல வந்தபோது யார் பேசினார்கள் என்று எழுதும் ஆசிரியர்களே இளையோர் நாவலின் பெயருக்குத் தகுதி செய்கிறார்கள். அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.

பழைய வழக்கும் ஆவணங்களும்

பழமையான பள்ளி என்றால் பழைய மரணம் ஒன்றும் இருக்கும். பல நாவல்கள் அன்றையும் இன்றையும் மாறி மாறிச் சொல்லும். அத்தியாயத் தலைப்பில் உள்ள தேதியைப் படிக்காமல் விடுவதே இங்கே குழப்பத்துக்கு முதல் காரணம். இரண்டு காலத்துக்கும் தனித்தனியே ஒரு சிறிய கால வரிசை எழுதி, இரண்டிலும் இடம்பெறக் கூடிய வயதில் இருப்போர் யார் என்று கணக்கிட்டுப் பார்ப்பது பலன் தரும். அன்று மாணவராக இருந்தவர் இன்று ஆசிரியராகவோ அறங்காவலராகவோ அதே வளாகத்தில் நடமாடலாம்.

கடிதம், நாட்குறிப்பு, விசாரணைப் பதிவு, பாட்காஸ்ட் உரை, குறுஞ்செய்தித் திரை என ஆவணங்கள் இடையிடையே வந்தால், அவற்றில் எழுதியவர், தேதி, விடுபட்ட பக்கம் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒலி நூலாகக் கேட்பவர்களுக்கு இது சிரமம். இத்தகைய நாவலை முதல் முறை அச்சிலோ மின்னூலிலோ படிப்பதே நல்லது.

விடை வருமுன் நிறுத்துதல்

துப்பறியும் கதையை வாசகரோடு ஆடும் நேர்மையான ஆட்டமாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வலுப்பெற்றது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் அதற்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும், எதிர்பாராத தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது, அமானுஷ்யம் கூடாது, முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பன அவற்றுள் சில. ரகசிய அறையோ ரகசிய வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்ற விதியை மட்டும் பள்ளி மர்ம நாவலாசிரியர்கள் மதிப்பதே இல்லை. பழைய மாளிகையைப் பள்ளியாக்கிவிட்டால் சுரங்கம், பொய்ச் சுவர், மறைவான படிக்கட்டு என்று வரிசையாகத் திறந்துகொண்டே போகும். வாசகருக்கும் அதில் புகார் இல்லை.

இந்த விதிகள் இன்று எவரையும் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், வாசகருக்கு நல்ல கருவிகள். முதல் கால் பகுதியில் பெயரோடு வந்தவர்கள் யார் யார் என்று உங்கள் தாளில் கோடு போட்டு வையுங்கள். பாதிக்கு மேல் அறிமுகமாகும் ஒருவரைக் கொலையாளி என்று ஆசிரியர் காட்டினால், தோற்றது நீங்கள் அல்ல.

கடைசி நான்கைந்து அத்தியாயங்கள் மிஞ்சியிருக்கும்போது, எல்லோரும் ஓர் அறையில் கூடுவதற்கோ நாயகி தனியாக எங்கோ கிளம்புவதற்கோ முன்பாக, புத்தகத்தை மூடி வையுங்கள். எல்லரி குவீன் என்ற புனைபெயரில் எழுதிய இருவர் தம் தொடக்க நாவல்களில் இந்த இடத்தில் வாசகருக்கு வெளிப்படையாகவே ஒரு சவால் விடுத்தார்கள்: தேவையான தடயங்கள் அனைத்தும் உங்களிடம் வந்துவிட்டன, இனி விடை சொல்லுங்கள் என்று. அந்தச் சவால் அச்சிடப்படாத நாவலிலும் நீங்களாகவே அதை ஏற்றுக்கொள்ளலாம். கொலையாளி யார், எப்படி அந்த நேரத்தில் அங்கே போக முடிந்தது, ஏன் அதே நாளில் செய்ய நேர்ந்தது என்று மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் நாள் முக்கியம்: மறுநாள் பெற்றோர் தினம், மறுநாள் தேர்வு முடிவு, மறுநாள் அறை மாற்றம் என்று ஏதேனும் ஒன்று கொலையாளியை அவசரப்படுத்தியிருக்கும்.

நண்பர்களோடு சேர்ந்து படிப்பதானால், எல்லோரும் ஒரே அத்தியாயத்தில் நிறுத்தி, அவரவர் ஊகத்தை மடித்து ஒருவரிடம் கொடுத்துவிட்டு மேலே தொடருங்கள். முன்பே படித்தவர் கூட்டத்தில் இருந்தால், அவர் வாயை மட்டுமல்ல, முகத்தையும் அடக்கிக்கொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

படித்து முடித்தபின்

ஊகம் தவறிப்போனால் நாவல் தோற்றது என்று பொருள் இல்லை. சரியாக அமைந்தாலும் நாவல் வென்றது என்று பொருள் இல்லை. விடையைத் தெரிந்துகொண்ட அன்றே முதல் மூன்று அத்தியாயங்களை மறுபடி படித்துப் பாருங்கள். கொலையாளி முதன்முதலில் பேசிய வாக்கியம் இப்போது எப்படி ஒலிக்கிறது? தடயங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றனவா, அல்லது கடைசியில் குற்றவாளியே நீளமாகப் பேசி எல்லாவற்றையும் விளக்கியதால்தான் விடை விளங்கியதா? நாயகியைக் கட்டிப்போட்டுவிட்டு ஆறு பக்கம் வாக்குமூலம் கொடுக்கும் கொலையாளி, ஆசிரியர் தடயங்களை முன்னால் பரப்பத் தவறினார் என்பதற்கான அடையாளம். கொலைக்கான காரணம் அந்தப் பள்ளியில் மட்டுமே பிறக்கக் கூடியதாக இருந்தால் அது நல்ல நாவல். அதே கொலையை ஒரு கப்பலுக்கோ ஓட்டலுக்கோ எதையும் மாற்றாமல் தூக்கிச் செல்ல முடிந்தால், பள்ளி அதில் வெறும் திரைச்சீலை.

முதல் புத்தகமாக எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு, ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கம் குறைவாக இருந்தால், ராபின் ஸ்டீவன்ஸ் 2014-இல் எழுதிய 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' நூலைச் சொல்வேன். இது சிறுவர் பிரிவைச் சேர்ந்தது, நடையும் எளிது. 1934-இல், இங்கிலாந்தின் பெண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில், ஹாங்காங்கிலிருந்து வந்து படிக்கும் ஹேசல் வோங் உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் ஆசிரியையின் உடலைக் காண்கிறாள். ஆள் அழைத்து வருவதற்குள் உடலைக் காணவில்லை. வழக்குக் குறிப்பேட்டின் வடிவில் ஹேசலே கதை சொல்வதால், மேலே சொன்ன தாள் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. அடுத்தபடியாக ஸ்டீவி பெல்லின் மூன்று நூல்களைத் தொடர்ந்து படிக்கலாம். அவளுடைய பின்னைய வழக்குகள் 2021 முதல் பள்ளிக்கு வெளியே நடக்கும் தனிக் கதைகளாக வந்திருக்கின்றன. அதன் பிறகு பெரியவர்களுக்கான நாவல் ஒன்றில் பள்ளி எப்படிக் கையாளப்படுகிறது என்று ஒப்பிட விரும்பினால், அகதா கிறிஸ்டியின் 1959 நாவலான 'கேட் அமங் த பிஜன்ஸ்' இருக்கிறது. அங்கே விளையாட்டு ஆசிரியை சுடப்படுவது புதிதாகக் கட்டிய விளையாட்டு அரங்கத்தில். கிறிஸ்டியின் துப்பறிவாளரான எர்க்யூல் பொய்ரோ வந்து சேர்வதோ கதை வெகுதூரம் நகர்ந்த பிறகு. அதுவரை பள்ளியின் மீது ஒரு கண் வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது.